உறைமோர் ஒரு கரண்டி போதும்

கேள்வி: நாங்கள் நான்கு பேர். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் வெப் அப்ளிகேஷன் செய்து கொடுக்கிறோம். புது வேலை வரும்போதெல்லாம் பழைய ப்ராஜெக்ட்டைக் காப்பி எடுத்து, வேண்டாததை நீக்கி, கிளப்பி விடுவதற்கே இரண்டு மூன்று நாள் போகிறது. எல்லா வேலைக்கும் பொதுவான ஆரம்பக் கோடாக ஒரு ஸ்டார்ட்டர் டெம்ப்ளேட் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை. கிட்ஹப்பில் நிறைய ஸ்டார் வாங்கிய ஒன்றை எடுப்பதா, நாங்களே செய்வதா? உள்ளே எதையெல்லாம் வைக்க வேண்டும்?

பதில்: நீங்களே செய்யுங்கள். சின்னதாகச் செய்யுங்கள்.

ஸ்டார் நிறைய வாங்கிய டெம்ப்ளேட்டை எடுத்து நான் பட்டிருக்கிறேன். அதில் லாகின் இருந்தது, டார்க் மோட் இருந்தது, ஐந்து மொழிக்கு மொழிபெயர்ப்பு வசதி இருந்தது, சார்ட் இருந்தது. எங்களுக்கு வந்த வேலையோ மூன்று ஃபார்ம், ஒரு பட்டியல். வேண்டாததைப் பிடுங்கிப் போடவே ஒன்றரை நாள் ஆயிற்று. அப்படியும் ஒரு மூலையில் ஒரு ஃபைல் மிஞ்சியது. அதை நீக்கினால் பில்ட் (எழுதிய கோடை பிரவுசரில் ஓடும் வடிவமாகத் தொகுப்பது) உடையும். ஏன் உடைகிறது என்று சொல்ல எங்களில் ஆள் இல்லை. சரி, நாமே செய்வோம் என்று நான் செய்த முதல் டெம்ப்ளேட்டும் உருப்படவில்லை. நாற்பதுக்கு மேல் பேக்கேஜ்களை அள்ளிப் போட்டிருந்தேன். ஆறு மாதத்தில் பாதி பழசாகிவிட்டது.

பானைப் பாலுக்கு ஒரு கரண்டி உறைமோர் போதும். கூட ஊற்றினால் சீக்கிரம் புளிக்கும். ஆகவே உள்ளே எது, வெளியே எது என்று பிரிக்க இப்போது நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: இதை ஆறாவது மாதத்தில் சேர்க்க வேண்டி வந்தால் எவ்வளவு வலிக்கும்? டைப்ஸ்கிரிப்டின் (டைப் சேர்த்து எழுதும் ஜாவாஸ்கிரிப்ட்) கண்டிப்பான செட்டிங்கை ஆறாவது மாதத்தில் போட்டால் நூற்றுக்கணக்கில் எரர் கொட்டும்; அது முதல் நாளே இருக்க வேண்டும். தேதியைக் கையாளும் ஒரு லைப்ரரியை எந்த மதியமும் ஐந்து நிமிடத்தில் சேர்க்கலாம். அது டெம்ப்ளேட்டில் வேண்டாம்.

அடித்தளத்துக்கு வருவோம். ஃபேஸ்புக் 2016-இல் வெளியிட்ட கிரியேட் ரியாக்ட் ஆப்தான் பல வருடம் எல்லோருக்கும் ஸ்டார்ட்டர். வெப்பேக், பேபல் போன்ற பில்ட் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜுக்குள் மூடி வைத்துக் கொடுத்தார்கள். மூடியைத் திறக்க வேண்டுமென்றால் 'எஜெக்ட்' என்று ஒரு வழி. திறந்தால் திரும்ப மூட முடியாது. 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே புது வேலைகளுக்கு இதை எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. அதை நம்பி மேலே தங்கள் சொந்தக் கோட்டைகளைக் கட்டியவர்கள் பாடுதான் திண்டாட்டம். அடித்தளம் எவ்வளவு மெல்லியதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது என் கணக்கு.

இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பது வீட் என்ற பில்ட் கருவி. வியூ என்ற ஃப்ரேம்வொர்க்கை உருவாக்கிய ஈவான் யூ 2020-இல் தொடங்கியது. பிரெஞ்சில் 'வேகமாக' என்று பொருள். வைட் என்று படிக்காதீர்கள். அது திறக்கும் போர்ட் 5173. ரோமன் எண்ணில் ஐந்து வி, ஒன்று ஐ, பிறகு ஏழு டி மாதிரி, மூன்று திருப்பிப் போட்ட ஈ மாதிரி. அதாவது போர்ட் எண்ணிலேயே பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். வேகத்துக்குக் காரணம் எளிது: டெவலப்மென்ட்டின்போது முழு அப்ளிகேஷனையும் கட்டாது, பிரவுசர் எந்த மாட்யூலைக் கேட்கிறதோ அதை மட்டும் மாற்றிக் கொடுக்கும்.

பேக்கேஜ்களை இறக்கும் கருவியான என்பிஎம்மில் 'என்பிஎம் கிரியேட் வீட்' என்று ஓட்டி, ரியாக்ட், டைப்ஸ்கிரிப்ட் இரண்டையும் தேர்ந்தெடுங்கள். வருவதை அப்படியே முதல் கமிட்டாகப் போடுங்கள். நீங்கள் பிறகு எதை மாற்றினீர்கள் என்று கிட் காட்டும். (கூகிளில் தேடினால் கிடைக்கும் பக்கங்களுக்கு சர்வரிலேயே எச்டிஎம்எல் தயாராக வேண்டும் என்ற வேலைகள் வருமென்றால் நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸை வைத்துத் தனியாக இன்னொரு டெம்ப்ளேட் செய்யுங்கள். இரண்டையும் ஒன்றில் திணிக்காதீர்கள்.)

இங்கே நிறையப் பேர் கவனிக்காத ஒன்று. வீட் உங்கள் டைப்புகளைச் சரிபார்ப்பதில்லை. அது டைப்புகளை உரித்துப் போட்டுவிட்டு மிச்சத்தை ஓட்டும், அவ்வளவுதான். டைப் பிழையோடும் ஸ்க்ரீனில் எல்லாம் நன்றாகவே ஓடும். அதனால்தான் பில்ட் கமாண்டில் வீட்டுக்கு முன்னால் டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரை ஓடவிடுகிறார்கள். பில்ட் மெதுவாக இருக்கிறது என்று யாராவது அந்தப் பாதியை வெட்டினால், டைப்ஸ்கிரிப்ட் எழுதும் சிரமம் மட்டும் மிஞ்சும், பயன் போய்விடும். இதைச் செய்த ஒரு குழுவை எனக்குத் தெரியும். இரண்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை.

கண்டிப்பான மோட் தானாகவே வரும். அதோடு நான் சேர்ப்பது 'நோ அன்செக்டு இன்டெக்ஸ்டு ஆக்சஸ்' என்ற செட்டிங். பெயர்தான் நீளம், வேலை சின்னது. ஒரு பட்டியலின் முதல் உருப்படியை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். சாதாரணமாக டைப்ஸ்கிரிப்ட், அது கட்டாயம் இருக்கும் என்று நம்பிவிடும். இந்த செட்டிங் போட்டால், 'பட்டியல் காலியாக இருந்தால் என்ன செய்வாய்' என்று கேட்கும். டெவலப்மென்ட் டேட்டாபேஸில் எப்போதும் பத்து வரிசை இருக்கும்; புது வாடிக்கையாளர் முதல் நாள் உள்ளே வரும்போது ஒன்றும் இருக்காது. அன்றைக்கு வரும் வெள்ளைத் திரையைத் தடுப்பது இதுதான்.

வெள்ளைத் திரை என்றதும் இன்னொன்று. ரெண்டர் செய்யும்போது வரும் பிழையை யாரும் பிடிக்காவிட்டால், ரியாக்ட் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடாது; முழு மரத்தையும் கழற்றிவிடும். எனவே வேரில் ஒரு எரர் பவுண்டரி (பிழையைப் பிடித்து வேறு திரையைக் காட்டும் காம்பொனென்ட்), 'ஏதோ தவறு நேர்ந்தது, திரும்ப ஏற்றுங்கள்' என்று ஒரு பட்டன். முப்பது வரி. டெம்ப்ளேட்டில் இருக்கட்டும், பின்னால் யாருக்கும் ஞாபகம் வராது.

அடுத்து, எல்லோர் கணினியிலும் ஒரே மாதிரி ஓட வைப்பது. கணினியில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் எந்த வெர்ஷன் என்று ஒரு ஃபைலில் எழுதி ரெப்போவில் வையுங்கள். வீட் 7-க்கு நோட் 20.19 அல்லது 22.12-க்கு மேல் வேண்டும். பழைய நோட் வைத்திருப்பவர் முதல் நாளே முட்டிக்கொள்வார், எரர் மெசேஜைப் பார்த்து அவருக்குக் காரணமும் புரியாது. எந்தப் பேக்கேஜின் எந்த வெர்ஷன் என்று குறித்து வைக்கும் லாக் ஃபைலைக் கட்டாயம் கமிட் செய்யுங்கள். சிஐயில் (புஷ் செய்த கோடைத் தானாகவே சோதித்துப் பார்க்கும் இடம்) 'என்பிஎம் இன்ஸ்டால்' வேண்டாம், 'என்பிஎம் சிஐ' போடுங்கள். அது லாக் ஃபைலில் உள்ளதை அப்படியே இறக்கும், பேக்கேஜ் ஜேசனோடு ஒத்துப்போகாவிட்டால் நின்றுவிடும்.

இது வெறும் ஒழுங்குக்காக இல்லை. 2016 மார்ச்சில் 'லெஃப்ட் பேட்' என்ற பதினோரு வரிப் பேக்கேஜை அதை எழுதியவர் என்பிஎம்மிலிருந்து எடுத்தபோது, அதைக் கேள்விப்பட்டே இராதவர்களின் பில்டுகளும் உடைந்தன. அது பரவாயில்லை, உடைந்தது கண்ணுக்குத் தெரிந்தது. 2025 செப்டம்பரில் நடந்தது வேறு. சாக், டீபக் போன்ற, ஏறக்குறைய எல்லா ப்ராஜெக்ட்டிலும் மறைமுகமாக உட்கார்ந்திருக்கும் பேக்கேஜ்களைப் பராமரிப்பவரை ஒரு போலி மெயிலில் ஏமாற்றி, கெட்ட கோடு சேர்த்த வெர்ஷன்களை வெளியிட்டார்கள். சில மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள். அந்தச் சில மணி நேரத்துக்குள் லாக் ஃபைல் இல்லாமல் புதிதாக இன்ஸ்டால் செய்தவருக்கு அது வந்திருக்கும். இதற்காகவே நான் என்பிஎம்முக்குப் பதிலாக பிஎன்பிஎம் என்ற கருவிக்கு மாறினேன். 10-ஆம் வெர்ஷனிலிருந்து, டிபென்டன்சிகள் இன்ஸ்டால் ஆகும்போது தங்கள் ஸ்கிரிப்டை ஓட்ட நாம் அனுமதி கொடுக்க வேண்டும். வெளியாகி இத்தனை நாள் ஆகாத வெர்ஷனை எடுக்காதே என்றும் சொல்லி வைக்கலாம். நான் ஒரு வாரம் வைத்திருக்கிறேன். டெம்ப்ளேட்டில் பேக்கேஜ் குறைவாக இருக்கட்டும் என்று நான் தொணதொணப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோடை ஒரே வடிவில் அடுக்கும் ப்ரெட்டியர், தவறுகளைச் சுட்டிக்காட்டும் ஈஎஸ்லின்ட் இரண்டும் உள்ளே. செமிகோலன் சண்டையை ஒரே ஒரு முறை போட்டு முடித்துவிடுங்கள். ஈஎஸ்லின்ட் பற்றி இணையத்தில் பார்க்கும்போது தேதியைப் பாருங்கள். 2024 ஏப்ரலில் வந்த 9-ஆம் வெர்ஷனிலிருந்து கான்ஃபிக் எழுதும் முறையே மாறிவிட்டது, பழைய பாடங்களைப் பின்பற்றினால் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். விதிகளை அடுக்காதீர்கள். ரியாக்ட் ஹூக்ஸ் விதிகள், அவேய்ட் போட மறந்த ப்ராமிஸைக் காட்டும் விதி, ஸ்க்ரீன் ரீடர் பயன்படுத்துபவர்களுக்கான அடிப்படை விதிகள். இவை போதும். கமிட் போடும்போதே எல்லா டெஸ்டையும் ஓட்டும் ஹூக் வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு கமிட்டுக்கு ஒரு நிமிடம் காத்திருக்கச் சொன்னால், இரண்டாவது வாரத்தில் எல்லோரும் அதைத் தாண்டிப் போகும் வழியைக் கற்றுக்கொள்வார்கள்.

சிஐ வேண்டும், முதல் கமிட்டிலிருந்தே வேண்டும், லினக்ஸில் ஓட வேண்டும். ஏன் லினக்ஸ் என்பதற்கு ஒரு கதை.

ஒரு வாடிக்கையாளருக்கு வெள்ளிக்கிழமை மாலை டெப்ளாய். எங்கள் ஆள் ஒருவர் 'ஹெடர்' என்ற ஃபைலின் பெயரில் முதல் எழுத்தைச் சிறிய எழுத்திலிருந்து பெரிய எழுத்தாக மாற்றினார், இம்போர்ட்டையும் ஒழுங்காக மாற்றினார். அவருடைய விண்டோஸில் ஓடியது, என் மேக்கிலும் ஓடியது. சர்வரில் பில்ட் உடைந்தது: அப்படி ஒரு ஃபைலே இல்லையாம். அவர் கணினியில் இருக்கிறது, ரெப்போவிலும் கண்ணுக்குத் தெரிகிறது. அரை மணி நேரம் கேஷை அழித்தோம், சர்வரைத் திட்டினோம். விஷயம் இதுதான்: விண்டோஸும் மேக்கும் ஃபைல் பெயரில் சிறிய எழுத்து, பெரிய எழுத்து பார்ப்பதில்லை. அதனால் கிட்டும் அந்த மாற்றத்தை மாற்றமாகவே எண்ணவில்லை. இம்போர்ட் வரி மட்டும் கமிட் ஆனது. ஃபைல் ரெப்போவில் பழைய பெயரிலேயே இருந்தது. லினக்ஸ் அந்த இரண்டையும் வேறு வேறாகப் பார்த்தது. கிட்டின் மூவ் கமாண்டில் பெயரை மாற்றினோம், இரண்டு நிமிடத்தில் முடிந்தது. புல் ரிக்வெஸ்ட்டிலேயே லினக்ஸில் ஒரு பில்ட் ஓடியிருந்தால் புதன்கிழமையே தெரிந்திருக்கும். அதோடு, ஃபைல் பெயர் எல்லாம் சிறிய எழுத்தில், நடுவில் கோடு போட்டு என்று அன்றைக்கு ஒரு முடிவும் எடுத்தோம். சிஐயில் இன்ஸ்டால், லின்ட், டைப் செக், டெஸ்ட், பில்ட் ஓடினால் போதும்.

என்விரான்மென்ட் வேரியபிள்கள் பற்றி உங்கள் நான்கு பேரில் ஒருவருக்காவது தவறான எண்ணம் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். 'வீட்' என்ற முன்னொட்டோடு டாட் என்வி ஃபைலில் எழுதும் எதுவும் ரகசியம் இல்லை. பில்ட் ஆகும்போது அந்த மதிப்பு அப்படியே ஜாவாஸ்கிரிப்டுக்குள் ஒட்டப்பட்டு, பிரவுசரில் யாரும் படிக்கும்படி போய்விடும். பேமென்ட் கேட்வேயின் ரகசியச் சாவியை அங்கே வைத்த ரெப்போவை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, மதிப்பு ஒட்டப்படுவது பில்டின்போது, ஓடும்போது அல்ல. ஸ்டேஜிங்கில் (சோதனை சர்வரில்) சோதித்த அதே பில்டை எடுத்து ப்ரொடக்‌ஷனில் போட்டால், அது ஸ்டேஜிங் ஏபிஐயையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். இரண்டு பில்ட் போடுங்கள். அல்லது அப்ளிகேஷன் தொடங்கும்போது ஒரு சின்ன ஜேசன் ஃபைலிலிருந்து முகவரியைப் படிக்க வையுங்கள். எதைச் செய்தாலும் டெம்ப்ளேட்டிலேயே தீர்மானித்துவிடுங்கள்.

ஏபிஐயைக் கூப்பிட ஒரே ஒரு ஃபைல். சர்வர் 404, 500 என்று பதில் சொன்னாலும் பிரவுசரின் ஃபெட்ச் அதைப் பிழையாகக் கருதாது. நெட்வொர்க் கோளாறு மாதிரி, பதிலே கிடைக்காவிட்டால்தான் எரர் எறியும். ஆகவே ஸ்டேட்டஸைச் சோதிப்பது, டோக்கன் சேர்ப்பது, 401 வந்தால் லாகினுக்கு அனுப்புவது எல்லாம் அந்த ஒரே இடத்தில். லோக்கலில் வரும் கோர்ஸ் (வேறு முகவரியிலுள்ள ஏபிஐயைக் கூப்பிட பிரவுசர் போடும் தடை) தொல்லைக்கு வீட் கான்ஃபிக்கில் ஒரு ப்ராக்ஸி போட்டு வையுங்கள். பேக்கெண்ட் ஆளிடம் 'எல்லாருக்கும் திறந்து விடுங்கள்' என்று கேட்காதீர்கள். திறந்தால் மூட மறந்துவிடுவார்கள்.

ஃபோல்டர் அமைப்பைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதுகிறார்கள். அம்சம் வாரியாகப் பிரியுங்கள், காலி ஃபோல்டர் வைக்காதீர்கள். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. சிஎஸ்எஸ் எப்படி எழுதுவது என்பது மட்டும் பின்னால் மாற்றவே முடியாத முடிவு. டெயில்விண்டோ, சிஎஸ்எஸ் மாட்யூலோ, உட்கார்ந்து பேசி ஒன்றை எடுங்கள். டெஸ்டுக்கு வீடெஸ்ட், ஒரு மாதிரி டெஸ்ட். பிரவுசரையே ஓட்டிச் சோதிக்கும் ப்ளேரைட்டில், பக்கம் திறக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ஒன்று. மாதிரி இருந்தால் அடுத்தவர் பார்த்து எழுதுவார்.

தமிழில் ஸ்க்ரீன் செய்யும் வேலைகள் உங்களுக்கு வருமென்றால் இதையும் சேருங்கள். வீட் தரும் எச்டிஎம்எல்லில் மொழி ஆங்கிலம் என்றே இருக்கும். தமிழ் பக்கத்தில் அதை மாற்றாவிட்டால் ஸ்க்ரீன் ரீடர் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்கப் பார்க்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு எழுத்துருவை, தமிழ் யூனிகோடு பகுதிக்கு மட்டும் என்று வரம்பு போட்டு ஏற்றுங்கள். தமிழ் இல்லாத பக்கத்தில் அது இறங்காது. ஃபார்மில் 'பெயர் 15 எழுத்துக்குள்' என்பது போன்ற வரம்பு இருந்தால் உஷார். 'கிருஷ்ணமூர்த்தி' நமக்கு எட்டு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டுக்கு 15, ஏனென்றால் அது கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும். முன்னால் ஒரு இனிஷியல் போட்டாலே அவர் பெயர் உள்ளே போகாது. நாம் எண்ணுகிற மாதிரி எண்ண பிரவுசரிலேயே 'இன்டல் செக்மென்டர்' இருக்கிறது. பத்து வரியில் ஒரு ஃபங்ஷன் எழுதி வைத்துவிடுங்கள்.

டெப்ளாய் விஷயத்தில் மூன்று அடி எல்லோரும் வாங்குவார்கள். உள் பக்கம் ஒன்றில் இருந்துகொண்டு ரெஃப்ரெஷ் செய்தால் 404 வரும், அந்தப் பாதையில் சர்வரில் ஃபைல் எதுவும் இல்லாததால். தெரியாத பாதையெல்லாம் இன்டெக்ஸ் எச்டிஎம்எல்லுக்குப் போகட்டும் என்று சர்வரில் ஒரு விதி வேண்டும். இரண்டாவது கேஷ். பெயரில் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து பிறக்கும் குறியீடு) ஒட்டியிருக்கும் ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் ஃபைல்களை ஒரு வருடத்துக்குக் கேஷ் செய்யலாம். உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் பெயரே மாறிவிடும். ஆனால் இன்டெக்ஸ் எச்டிஎம்எல்லை ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்டுத்தான் காட்ட வேண்டும். மாற்றிப் போட்டால், நீங்கள் திருத்திய பிழை வாடிக்கையாளர் ஸ்க்ரீனில் நாள்கணக்கில் அப்படியே இருக்கும்.

மூன்றாவதுதான் கண்டுபிடிக்கக் கஷ்டம். காலையில் அப்ளிகேஷனைத் திறந்த ஒருவர் டேபை அப்படியே வைத்திருக்கிறார். மதியம் நீங்கள் புது பில்ட் போடுகிறீர்கள், பழைய ஃபைல்கள் அழிகின்றன. மாலையில் அவர் 'ரிப்போர்ட்' பட்டனை அமுக்குகிறார். தேவைப்படும்போது ஏற்றலாம் என்று பிரித்து வைத்த அந்தப் பக்கத்தின் துண்டு இப்போது சர்வரில் இல்லை. ஒன்றும் நடக்காது. உங்களுக்குப் போன் வரும்போது நீங்கள் ரெஃப்ரெஷ் செய்து பார்ப்பீர்கள், ஓடும். 'இங்கே நன்றாகத்தானே இருக்கிறது சார்' என்பீர்கள். இந்த நிலை வந்தால் வீட் 'ப்ரீலோட் எரர்' என்று ஒரு ஈவென்ட் எழுப்பும். அதைக் கேட்டுப் பக்கத்தை ஒரு முறை திரும்ப ஏற்ற வைத்தால் போதும். ஒரே முறை என்று ஒரு கணக்கு வையுங்கள், இல்லாவிட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும்.

வெளியே நிற்க வேண்டியவை: ஸ்டேட் மேனேஜ்மென்ட் லைப்ரரி, சார்ட், மொழிபெயர்ப்பு, ஸ்டோரிபுக், டாக்கர். வேண்டும்போது சேருங்கள்.

வைப்பது எங்கே என்றால், கிட்ஹப்பில் ரெப்போ செட்டிங்கில் 'டெம்ப்ளேட்' என்று ஒரு டிக் இருக்கிறது. போட்டால், பழைய கமிட் வரலாறு ஒட்டாமல் புது ரெப்போ எடுக்கலாம். குறை ஒன்று உண்டு: டெம்ப்ளேட்டில் நீங்கள் பிறகு செய்யும் திருத்தம், ஏற்கெனவே பிறந்த ப்ராஜெக்ட்டுகளுக்குப் போகாது. பெரிய நிறுவனங்கள் கான்ஃபிக்கைத் தனிப் பேக்கேஜாக்கி இதைச் சமாளிப்பார்கள். நான்கு பேருக்கு அது அதிகம். என்ன மாறியது, ஏன் மாறியது என்று ஒரு ஃபைலில் எழுதி வாருங்கள். பழைய ப்ராஜெக்ட்டைத் தொடும்போது வேண்டியதைக் கையால் எடுத்துக்கொள்ளலாம். டெம்ப்ளேட்டின் சிஐயை வாரம் ஒரு முறை தானாக ஓடும்படி வையுங்கள். யாரும் தொடாத ரெப்போ எப்போது உடைந்தது என்று வேறு எப்படித் தெரியும்?

ரீட்மியில் பெயர் மாற்ற வேண்டிய இடங்களைக் குறித்து வையுங்கள். பிரவுசர் டேபில் 'வீட் + ரியாக்ட் + டிஎஸ்' என்ற தலைப்போடும் வீட்டின் மின்னல் ஐகானோடும் லைவாக ஓடுகிற தளங்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்று நாங்கள் செய்தது.

இதற்கென்று தனியாக ஒரு வாரம் ஒதுக்காதீர்கள், ஒதுக்கினால் நாற்பது பேக்கேஜ் வந்துவிடும். அடுத்த வேலை வரும்போது, மேலே சொன்ன ஒவ்வொரு முடிவையும் ஒவ்வொரு கமிட்டாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். வாடிக்கையாளரின் பெயரை முதன்முதலாகக் கோடில் டைப் செய்யப் போகும் இடத்தில் நிறுத்துங்கள். அதுவரை இருப்பதைத் தனி ரெப்போவில் புஷ் செய்து, டெம்ப்ளேட் டிக்கைப் போட்டுவிட்டு, வேலையைத் தொடருங்கள்.